வரிசை எண் முந்நூற்றுப் பதினேழு

முந்நூற்றுப் பதினேழாவது கட்டத்தில் சோணைமுத்து என்று அச்சாகியிருந்தது. தகப்பன் பெயர் வீரணன். வயது ஐம்பத்தெட்டு. வரிக்குக் கீழே வைத்திருந்த ஸ்கேலை தேவகிருபை அப்படியே விட்டுவிட்டாள், அடுத்த வரிக்கு நகர்த்தவில்லை. வேறு சோணைமுத்தாக இருக்கும் என்று நினைத்தாள். இந்தப் பக்கம் தெருவுக்கு நாலு சோணை இருப்பார்கள், வீரணன்களுக்கும் பஞ்சமில்லை, ஒரே ஊரில் ஒரே பெயரும் ஒரே தகப்பன் பெயரும் அமைவது ஒன்றும் அதிசயமில்லை, எத்தனை பட்டியல் பார்த்தாயிற்று. ஆனால் கை தன்பாட்டில் தாளின் ஓரத்தில் பென்சிலால் கூட்டல் போட்டது. இருபத்தொன்பதும் இருபத்தொன்பதும் ஐம்பத்தெட்டு. அவளுக்குத் தெரிந்த சோணைமுத்து சாகும்போது அவனுக்கு இருபத்தொன்பது வயது. செத்து இருபத்தொன்பது வருஷம். உயிரோடு இருந்த அளவுக்கே செத்தும் இருந்துவிட்டான். ஜனவரி ஒன்றாம் தேதி வந்தால் கணினி எல்லோருக்கும் ஒரு வயது கூட்டும், யார் இருக்கிறார் யார் போனார் என்று அதற்குத் தெரியாது, யாராவது எழுதிக் கொடுத்தால்தான் ஒரு பெயர் பட்டியலை விட்டுப் போகும். முப்பத்தோரு வருஷம் சட்டக் கல்லூரி வகுப்பில் அவளே சொல்லிக்கொடுத்த விஷயம்தான். சொல்லும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். அவளும் சிரித்திருக்கிறாள். இப்போது அந்த ஐம்பத்தெட்டைப் பார்க்கப் பார்க்க, எங்கோ ஓர் இருட்டில் ஒருவன் உட்கார்ந்து வருஷத்துக்கு ஒரு தடவை நரைத்துக்கொண்டே வந்திருக்கிறான் என்று பட்டது. பட்டதும் முதுகு சில்லிட்டது. வெளியே பகல் பன்னிரண்டரை மணி வெயில், பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பத்துக்கு நிழல்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை. ஊரணிப்பட்டி காலனித் தொடக்கப் பள்ளியில் வாக்காளர் பட்டியல் சிறப்பு முகாம். ஒன்றாம் வகுப்பு அறையில் ஒரு மேசை, பிள்ளைகள் உட்காரும் குட்டை நாற்காலிகள், சுவரில் மயில், யானை, வாத்து. மேசைக்குப் பின்னால் வாக்குச்சாவடி அலுவலர் விஜயராணி. அங்கன்வாடியில் வேலை பார்ப்பவள், மூன்று வருஷம் முன்பு இந்த ஊருக்கு மாற்றலாகி வந்தவள், நாலாவது ஞாயிறாக விடுமுறை போய்விட்டது என்று காலையிலேயே அலுத்துக்கொண்டவள். காலையிலிருந்து பதினோரு பேர் வந்து போனார்கள். தேவகிருபை தன்னார்வலராக வந்திருந்தாள். பழைய மாணவர்கள் கூடி ஊர் ஊராகப் பிரித்துக்கொண்டபோது ஊரணிப்பட்டிக்கு மட்டும் யாரும் கை தூக்கவில்லை, மதுரையிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். அவள் தூக்கினாள். தூக்கிய கையை உடனே இறக்கிவிட வேண்டும் போலவும் இருந்தது. இருபத்தொன்பது வருஷத்தில் அவள் போகாத ஊர் இல்லை. கடலோரக் குப்பத்தில் தொள்ளாயிரத்து ஆறு பேரை ஒரே நாளில் பட்டியலிலிருந்து அடித்தபோது வழக்குப் போட்டு அத்தனை பேரையும் திரும்பச் சேர்த்தவள். பாலத்துக்கடியில் படுப்பவர்களுக்கு முகவரியாகப் பாலத்தின் பெயரையே எழுதலாம் என்று வாதாடி வாங்கியவள். மாணவர்கள் அவளுக்கு வைத்த பட்டப்பெயரே 'பேர் மேடம்'. எங்கே போனாலும், தேநீர்க் கடையில்கூட, பட்டியலில் பேர் இருக்கிறதா என்று கேட்பாள். ஊரணிப்பட்டிக்கு மட்டும் மறுபடி வரவில்லை. வகுப்பில் முதல் நாள் முதல் வாக்கியமாகச் சொல்லுகிற ஊர். அவள் புத்தகத்தின் முதல் பக்கத்தில் 'ஊரணிப்பட்டி சோணைமுத்துவுக்கு' என்று அச்சாகியிருக்கிற ஊர்.

"இந்த வீட்டுல யாரும்மா இருக்கா?" என்று ஸ்கேலைக் காட்டிக் கேட்டாள். குரல் சரியாகத்தான் வந்தது. விஜயராணி எட்டிப் பார்த்தாள். "இவரா? ஆடு வச்சிருக்காரு மேடம். ஒண்டி ஆளு. தேர்தல்னா முத ஆளா வந்து நிப்பாரு." தன்னுடைய பிரதியைப் புரட்டினாள். அலுவலர் பிரதியில் படம் இருக்கும். நகல் எடுத்து நகல் எடுத்து முகம் கருப்பு மசியாகிவிட்டிருந்தது, இரண்டு காதும் நெற்றியின் வெளிச்சமும்தான் தெரிந்தது. "இன்னைக்கு வரேன்னாரு. பேர்ல ஏதோ திருத்தமாம். ஆட்டை மடக்கிட்டு வரணும்ல, ரெண்டு மணி ஆகும்." சொல்லிவிட்டு டப்பாவைத் திறந்தாள், புளிச்சோற்று வாசனை வந்தது. "நீங்க சாப்பிடலையா மேடம்?" தேவகிருபை பை ஜிப்பைத் திறந்து இட்லிப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு மறுபடி மூடினாள். ரெண்டு மணிக்கு வருவார். யார் வருவார்?

மின்சாரம் போயிற்று, விசிறி கிறுகிறுத்து நின்றது. சாப்பிட்ட கையோடு விஜயராணி மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மயில் ஒன்று அகவி நிறுத்தியது. ஒருவேளை, என்று தேவகிருபை நினைத்தாள், அந்த ஒருவேளைக்கு மேல் போகாமல் நின்றாள். போகக் கூடாது. பிணத்தை அவள் பார்த்ததில்லை. அதுதான். இத்தனை வருஷத்தில் எத்தனை மேடையில் பேசினாள், எந்த மேடையிலும் யாரும் கேட்காத கேள்வி அதுதான், நீங்கள் பார்த்தீர்களா. யாரும் பார்க்கவில்லை. ஊராட்சித் தலைவர் இடம் தாழ்த்தப்பட்டவருக்கு என்று முதல் முறையாக ஒதுக்கியிருந்தார்கள், யாரும் மனுப் போடக் கூடாது என்று மேலத்தெரு கூடி முடிவு பண்ணியிருந்தது, கல்குவாரியில் கல் உடைக்கிற ஒருவன் மட்டும் போட்டான். வாபஸ் வாங்கக் கடைசி நாளுக்கு மறுநாள் விடிகாலையில் அவன் வீட்டைவிட்டுக் கிளம்பினான், அவ்வளவுதான். குவாரிப் பள்ளத்தில் பனைமர ஆழத்துக்குத் தண்ணீர். யாரும் இறங்கித் தேடவில்லை. அவள் ஆட்கொணர்வு மனுப் போட்டாள். எட்டு வாரம் கழித்துக் காவல்துறை பதில் தாக்கல் செய்தது, சோணைமுத்து என்பவர் கேரளத்தில் ஏலத் தோட்டம் ஒன்றில் வேலை செய்வதாகவும், தன்னிஷ்டப்படியே ஊரைவிட்டு வந்ததாகவும் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார் என்று. கீழே ஒரு கையெழுத்து. வேட்புமனுவில் போட்ட கையெழுத்தோடு ஒத்து வரவில்லை, இந்த 'ணை' கோணியிருந்தது, 'து' வரிக்குக் கீழே சரிந்திருந்தது. கூலி வேலை செய்கிறவர் கையெழுத்து ஒரே மாதிரியா இருக்கும் அம்மணி என்று கேட்டார் நீதிபதி. மனு தள்ளுபடி. ஆக, காகிதத்தில் அவன் சாகவே இல்லை. காகிதத்தின்படி அவன் ஏலத் தோட்டத்தில் இருந்தான், பிறகு ஊருக்குத் திரும்பி ஆடு வாங்கினான், தேர்தல் தவறாமல் ஓட்டுப் போட்டான், இன்றைக்கு இரண்டு மணிக்கு வருவான்.

வந்தால்? வந்து இந்த நிலைப்படியில் குனிந்து நுழைந்து, மேடம் நல்லாயிருக்கீகளா என்று கேட்டால்? அவள் எழுந்து ஜன்னலோரம் போனாள். சந்தோஷமல்லவா பட வேண்டும். இருபத்தொன்பது வருஷமாக நெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கல் எழுந்து போய்விடும், தொலைபேசி மணி கேட்டால் இன்னமும் கடிகாரத்தைப் பார்க்கிறாளே அது நின்றுபோகும். அவன் இருக்கிறான் என்றால் அந்த எட்டு நிமிஷமும் இல்லாமல் போய்விடும். அந்த எட்டு நிமிஷத்தை யாரிடமும் சொன்னதில்லை. வாபஸ் வாங்கக் கடைசி நாள், பகல் ஒன்றே முக்கால், துறைத்தலைவர் அறைக்கு டவுன் டெலிபோன் பூத்திலிருந்து அவன் போன் வந்தது. மேடம், வாபஸ் வாங்கிரட்டுமா. பின்னால் பஸ் ஹாரன் சத்தம். ஆத்தா அழுகுது மேடம், மூணு மணியோட முடியுதாம், நீங்க சொன்னா வாங்கிர்றேன். நீங்க சொன்னா. அவள் என்ன சொன்னாள்? மேடைகளில் சொல்லும்போது அவனாகவே துணிந்தான் என்று சொல்லுவாள், யாரும் தூண்டாமல், அரசியல் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு. போனில் அவள் சொன்னது, நீ இன்னைக்கு வாங்கினா இனிமே உங்க ஊர்ல எவனும் போட மாட்டான் சோணைமுத்து, சட்டம் உன் பின்னாடி நிக்குது, நான் நிக்கிறேன். அந்தப் பக்கம் காசு விழுகிற சத்தம், இன்னொரு ரூபாய் போட்டிருக்கிறான். பிறகு, சரிங்க மேடம். அந்தச் சரிங்க மேடம் எந்தத் தொனியில் வந்தது என்றுதான் இன்றுவரை பிடிபடவில்லை. சில நாள் அது நிம்மதியான குரலாகக் கேட்கும். சில நாள் மாடு கயிற்றுக்குத் தலையைக் கொடுப்பது மாதிரி. பல் தேய்க்கும்போது, பரீட்சைத் தாள் திருத்தும்போது, ஒரு தடவை தலைநகரில் விருது வாங்கப் படியேறும்போது, சரிங்க மேடம். அவன் இன்றைக்கு இந்த அறைக்குள் வந்தால் நேராகக் கேட்டுவிடலாமே, எந்தக் குரலில் சொன்னாய் என்று.

கேட்டுவிடலாம். ஆனால் உள்ளே உறுத்துவது வேறு ஏதோ. ஜன்னல் கம்பி சுட்டது, கையை எடுக்காமல் அதைத் தோண்டிப் பார்த்தாள். பார்த்ததும் தன்னையே யாரோ வேறு ஆளைப் பார்ப்பது போலப் பார்க்க வேண்டியிருந்தது. அவன் உயிரோடு வந்துவிடக் கூடாது என்று அவள் பயந்துகொண்டிருந்தாள். ஆமாம். அவன் செத்ததன் மேல்தான் எல்லாம் நிற்கிறது, முதல் வகுப்பின் முதல் வாக்கியம், புத்தகம், கடலோரக் குப்பத்துக்காரர்களிடம் ஒரு மனிதன் உயிரையே கொடுத்தான் உங்களுக்கு ஒரு நாள் கூலி பெரிசா என்று கேட்டது, அவர்கள் கூலியை விட்டுவிட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. அவன் ஏலத் தோட்டத்துக்குப் பயந்து ஓடிப்போனவன்தான் என்றால் காவல்துறை சொன்னது உண்மை, நீதிபதி சொன்னது சரி, அவள் முப்பது வருஷம் பொய்யைச் சொல்லி ஊரைக் கூட்டியவள். அதற்காக ஒரு மனிதன் தண்ணீருக்கடியிலேயே கிடக்கட்டும் என்று நினைக்கிறாளா? ஆண்டவரே. நினைக்கிறாள். நினைத்துக்கொண்டு மணியைப் பார்க்கிறாள், ஒன்று நாற்பது. அந்தப் போன் வந்ததும் ஏறக்குறைய இந்த நேரம்தான். பள்ளிக்கூடத்துக் கேட்டுக்கு அப்பால் தெரு வெறிச்சோடிக் கிடந்தது, ஒரு நாய்கூட இல்லை. எல்லா வீட்டிலும் கதவு திறந்திருந்தது, ஆனால் யாரும் இல்லாத மாதிரி இருந்தது. காலையில் வந்த பதினோரு பேரும் அவளை ஏன் அப்படிப் பார்த்தார்கள்? ஒரு கிழவி பெயர் கேட்டாள். தேவகிருபை என்றதும் மறு பேச்சில்லாமல் எழுந்து போனாள். ஊருக்கே தெரியும். என்ன தெரியும்?

கம்பு தட்டுகிற சத்தம் முதலில் கேட்டது. தட்டு, இடைவெளி, தட்டு. கேட்டுக்குள் ஓர் ஆள் வந்துகொண்டிருந்தார், தலையில் துண்டு, முகத்துக்கு நேரே வெயில். இடது தோள் கொஞ்சம் தாழ்ந்த நடை. கல் சுமந்தவன் நடை. அவளுக்கு அந்த நடை தெரியும், வேட்புமனு கொடுக்க ஒன்றிய அலுவலகத்துக்குள் அவளுக்கு முன்னால் போன நடை. காதுக்குள் விர்ரென்றது. ஓடிப்போய் மேசைக்கடியில் ஒளிந்துகொள்ளலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள், அறுபத்து நாலு வயதில். அவர் நிலைப்படியில் குனிந்து உள்ளே வந்தார். வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு அறை இருட்டாக இருந்திருக்க வேண்டும், இமைத்துக்கொண்டே நின்றார். அதே நெற்றி. அதே அகலக் காது. நரைத்த மயிர். பட்டியல் சொன்ன வயது அப்படியே முகத்தில் இருந்தது.

"சோணைமுத்து," என்றாள். அது அவள் வாயிலிருந்துதான் வந்தது.

"ஆமாம்மா," என்றார் அவர், பழக்கத்தில்.

விஜயராணி தலையைத் தூக்கி, "வாங்க மாமா, உக்காருங்க. மேடம் உங்களைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தாங்க," என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. கண் பழகி, தேவகிருபையின் முகத்தில் வந்து நின்றது. துண்டைத் தலையிலிருந்து இறக்கினார். அவள் அவர் கையைப் பார்த்தாள். கம்பைப் பிடித்திருந்த வலது கை. சோணைமுத்துவுக்கு வலது கை ஆள்காட்டி விரலில் பாதி கிடையாது, குவாரியில் பாறை விழுந்து போனது, வேட்புமனுவில் பேனாவை நடுவிரலில் இடுக்கித்தான் எழுதினான். இந்தக் கையில் ஐந்து விரலும் முழுசாக இருந்தன. இருந்ததைப் பார்த்ததும் அவள் மனசில் முதலில் வந்தது நிம்மதி. அந்த நிம்மதியை அவள் சாகும்வரை மன்னிக்கப் போவதில்லை.

"நீங்க அவர் இல்ல," என்றாள்.

"இல்லம்மா. நான் தவசி. அவன் தம்பி. நீங்க முத தடவை வீட்டுக்கு வந்தப்ப சொம்புல தண்ணி கொண்டாந்து குடுத்தேன். உங்களுக்கு நெனப்பு இருக்காது."

நினைப்பு இல்லை. சொம்பு நினைவிருந்தது, பித்தளைச் சொம்பு, விளிம்பில் நெளிவு. நீட்டிய கை நினைவில்லை. விஜயராணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன மாமா சொல்றீங்க? மூணு வருஷமா உங்களை சோணைமுத்துன்னுதான..." தவசி அவளிடம் கும்பிடுவது போலக் கையைக் காட்டினார், கொஞ்சம் பொறு என்று. பிறகு குட்டை நாற்காலியில் உட்கார்ந்தார், முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. மூச்சு வாங்கியது. அவர் பேசுவதைக் கேட்கும்போது தேவகிருபை சுவரில் இருந்த வாத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு விடியக்காலைல அவன் பின்னாடியே போனேம்மா. போகாதன்னு ஆத்தா சொல்லுச்சு, நான் போனேன். குவாரி மேட்டுல வேலிக்கருவை மண்டிக் கெடக்கும், அதுக்குள்ள இருந்தேன். அஞ்சு பேரு. யாரு யாருன்னு தெரியும். ஒருத்தன் இப்பவும் இருக்கான், டவுன்ல கல்யாண மண்டபம் வச்சிருக்கான். அண்ணன் சத்தமே போடல. நான் அங்குட்டே ஓடுனவன்தான், வீட்டுக்குக்கூட வரல. லாரி ஏறி மலைக்குப் போய்ட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு தோட்டத்துக்குப் போலீஸ் வந்தாக. நாலு பேரு. நீதான சோணைமுத்துன்னாக. நான் வாயே தொறக்கலம்மா. நீதான்டா சோணைமுத்து, சொல்லுன்னாக. மூணு நாளு. மூணாம் நாளு ஆமான்னேன். கையெழுத்துப் போட்டேன்."

கோணிய 'ணை'. கீழே சரிந்த 'து'. அந்தக் காகிதத்தை அவள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறாள், மாதக்கணக்கில். போலீஸ்காரர் யாரோ போட்டது என்று நினைத்தாள். தம்பி போட்டது என்று ஒரு நாளும் தோன்றவில்லை, தம்பி ஒருவன் இருந்ததே தோன்றவில்லை. கடலோரத்தில் தொள்ளாயிரத்து ஆறு பெயரையும் மனப்பாடமாகச் சொன்னவள்.

"அப்பறம் ஊருக்கு வந்தா, தவசின்னு பேரு பட்டியல்ல இல்ல. வெளியூர் போய்ட்டான்னு அடிச்சிட்டாக. அவன் பேரு இருந்துச்சு. போலீஸ் குடுத்த தாள்ல நான் அவந்தான். நான் இல்லேன்னு சொன்னா அவன் எங்கன்னு கேப்பாகல்ல? ரேஷன் கார்டு, ஆதாரு, எல்லாம் அவனாயிருச்சு. தேர்தல்ல முத ஆளா போய் நிப்பேன். மேலத்தெரு ஏஜெண்டு அட்டையையும் என்னையும் பாப்பான். இவன் சோணைமுத்து இல்லன்னு ஏஜெண்டு சொல்லணும்னா, அப்ப சோணைமுத்து எங்கன்னும் சொல்லணும். தலையைக் குனிஞ்சுக்குவான். அதுக்காகவே போனேம்மா, இத்தனை வருசமும். அந்த அஞ்சு பேரும் நான் மை வச்சுட்டு வர்றதைப் பாக்கணும்னு. காலனில எல்லாருக்கும் தெரியும். யாரும் வாயத் தொறக்க மாட்டாக. ஆத்தா மட்டும், சாகுற வரைக்கும் என்னைப் பேரு சொல்லிக் கூப்பிடல."

வெளியே எங்கோ ஆடு கத்தியது. "இப்ப என்ன திருத்தம் கேக்கறீங்க?" என்றாள் தேவகிருபை. வக்கீல் குரல், தன்னால் வந்துவிட்டது. தவசி சட்டைப் பையிலிருந்து மடித்த ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். இதயக் குழாயில் அடைப்பு, இரண்டு இடத்தில். மேலே நோயாளி பெயர் சோணைமுத்து. "எந்நேரமும் போயிருவேனாம். நான் செத்தா என்ன எழுதுவாக? சோணைமுத்து, வயசு அம்பத்தெட்டு, நெஞ்சுவலில செத்தான்னு எழுதுவாக. அப்ப அன்னைக்கு அங்க ஒண்ணுமே நடக்கலன்னு ஆயிரும்ல? அதுக்குத்தான் வந்தேன். எம் பேரைப் போடணும். அவன் பேரை எடுக்கணும். செத்தாச்சுன்னு சொல்லி எடுக்கணும்."

தேவகிருபை பாரக் கட்டைக் கையில் எடுத்தாள். பெயர் சேர்க்க ஒன்று, நீக்க ஒன்று. நீக்கும் பாரத்தை அவள் வாழ்நாளில் எழுதியதில்லை, அதை எதிர்த்து மட்டும்தான் எழுதியிருக்கிறாள். அவள் மூளை ஓடியது, பழைய வேகத்தில், அது ஓடுவதில் அவளுக்கே வெட்கமாக இருந்தது. நீக்கக் கோருபவர் இந்தத் தொகுதி வாக்காளராக இருக்க வேண்டும், அவளால் முடியாது. தவசி பட்டியலில் இல்லை, அவராலும் முடியாது. பட்டியலில் இருப்பவர் சோணைமுத்து. தான் செத்துவிட்டேன் என்று ஒருவர் எழுதிக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. இதை அப்படியே விட்டுவிடலாம் என்று ஒரு குரல் சொன்னது. மெல்ல, பக்குவமாக. யோசித்துச் சொல்கிறேன், பெரிய வக்கீலைக் கலந்துகொண்டு வருகிறேன், அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்று சொல்லு. இந்த ஆளுக்கு அடுத்த ஞாயிறு இருக்கிறதோ இல்லையோ. விசாரணை வந்தால் எல்லாம் வரும், யார் மனுப் போடச் சொன்னது, வாபஸ் வாங்குகிற நாளில் டவுன் பூத்திலிருந்து யாருக்குப் போன் போனது. அந்தக் குரல் யாருடையது என்று அவளுக்குத் தெரிந்தது. பூத்தில் நின்ற ஒருவனுக்குப் பதில் சொன்ன அதே குரல், இந்தத் தடவை தனக்காகப் பேசுகிறது.

"தவசி, சொல்றதைக் கேளுங்க. இதுக்குப் பாரம் கிடையாது. வெள்ளைத்தாள்ல எழுதிக் குடுக்கலாம். வாங்கினா அதிகாரி விசாரிச்சே ஆகணும். ஆனா முதல்ல உங்களைத்தான் பிடிப்பாங்க. இன்னொருத்தர் பேர்ல ஓட்டுப் போட்டது குற்றம். ஜெயிலுக்கும் போக வேண்டி வரலாம். மண்டபக்காரனுக்கு விஷயம் போனா அவன் சும்மா இருக்க மாட்டான். நான் பின்னாடி நிக்கிறேன்னு..." அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள். "உங்க அண்ணன் வாபஸ் வாங்கறேன்னு எனக்குப் போன் பண்ணினான். நான்தான் வேணாம்னு சொன்னேன். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை."

அவர் ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து மறுபடி மடித்தார். முகத்தில் கோபமா என்று தேடினாள், அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை, அது இன்னும் பயமாக இருந்தது. "தெரியும்மா," என்றார் கடைசியில். "வீட்டுக்கு வந்து சொன்னான். மேடம் வேணாங்குதுன்னான். அதையும் எழுதுங்க."

எழுதினாள். பரீட்சைத் தாளில் மதிப்பெண் போடுகிற அதே தெளிந்த கையெழுத்தில், முதல் தாளில் தவசி சொன்னதை, அவர் சொன்ன ஐந்து பெயர்களோடு. இரண்டாவது தாளில் தன்னுடையதை, நாள், நேரம், போன் எண், தான் சொன்ன வாக்கியம், ஒரு சொல் மாற்றாமல். 'நான் நிக்கிறேன்' என்று எழுதும்போது பேனா கொஞ்சம் நின்றது. 'மேற்படி சோணைமுத்து இறந்துவிட்டார்' என்பதை எழுதி முடித்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தொன்பது வருஷத்தில் ஓர் அரசாங்க அலுவலகத்துக்குப் போகிற தாளில் அந்த வாக்கியம் இப்போதுதான் வருகிறது. எழுதிய பிறகும் நெஞ்சில் ஒன்றும் இறங்கவில்லை. இறங்கும் என்று எதிர்பார்த்திருக்கிறாள் போலும். சரிங்க மேடம் என்றது அந்தக் குரல், எந்தத் தொனி என்று இப்போதும் தெரியவில்லை, இனி தெரியவும் போவதில்லை. தவசி பேனாவை வாங்கினார். த என்று எழுதிவிட்டு நின்றார். அடுத்த எழுத்துக்கு விரல் போகவில்லை, காற்றில் ஒரு தடவை சுழித்துப் பார்த்துக்கொண்டார், பிறகு வ, பிறகு சி, மூன்றும் தனித்தனியாக, ஒன்றையொன்று தெரியாதவை போல.

விஜயராணி தாள்களை வாங்குவதற்கு முன் முந்தானையில் கையைத் துடைத்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. "இதை நான் வாங்கலாமா மேடம்? என் வேலைக்கு ஒண்ணும் ஆயிடாதே?" "வாங்கலைன்னாத்தான் தப்பு. வாங்கிட்டு ரசீது குடுங்க. யார் கேட்டாலும் பேராசிரியர் தேவகிருபை எழுதிக் குடுத்தாங்கன்னு சொல்லுங்க." விஜயராணி தலையாட்டினாள். ஐந்து பெயர்களையும் உதடு அசைய ஒரு முறை படித்தாள், கடைசிப் பெயருக்கு வந்ததும் வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள், ஆனாலும் முத்திரையை எடுத்து மையில் ஒற்றிப் பலமாகக் குத்தினாள். ரசீதை எழுதினாள், கிழித்தாள். தவசி அதற்குள் எழுந்து கம்பை எடுத்துக்கொண்டு வாசல் வரை போயிருந்தார், துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, ஆடு நிற்கும் திசையைப் பார்த்தபடி.

"தவசி மாமா," என்று கூப்பிட்டாள் விஜயராணி, ரசீதை நீட்டியபடி.

அவர் நின்றபடியே நின்றார். "தவசி மாமா," என்றாள் அவள் மறுபடியும், கொஞ்சம் உரக்க. அவர் மெல்லத் திரும்பினார். திரும்பி, அவளைத் தாண்டி, தேவகிருபையைத் தாண்டி, அறையின் கோடி வரைக்கும் பார்த்தார், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று.